நாலு நாள் லீவு... பஜனைக்கு!

"நாலு நாள் லீவு வேணும் சார்."

"எதுக்குய்யா?"

"ஊர்ல பஜனை சார்."

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். எதிரே நின்றவன் என் சித்தி மகன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். கழுத்தில் சிலுவை டாலர் போட்ட செயின். மேனேஜர் அந்தச் செயினையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, புளுகறதுன்னு முடிவு பண்ணிட்டா பாட்டி செத்துட்டான்னு சொல்லேன். நாலாவது தடவையா இருந்தாலும் நம்பறேன். பஜனைங்கறியே!" என்றாராம்.

மேனேஜர் மேல் தப்பே இல்லை. சாத்தான்குளம், நாசரேத், உடன்குடி வட்டாரத்தில் பிறக்காத யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண் தேரி, பனைமரம், உடைமுள்... அதற்கு நடுவே நூற்றைம்பது வீடுள்ள எங்கள் ஊர். ஊர் நடுவே ஒரு சின்னக் கோயில். கோயில் என்றால் சர்ச்! எங்கள் பக்கத்துக் கிழவிகள் வாயில் 'சர்ச்' என்ற வார்த்தை நுழையாது. "கோயிலுக்கு நேரமாச்சுலே" என்றுதான் விரட்டுவார்கள். குருவானவருக்கு 'ஐயர்' என்று பெயர். அவர் மனைவி 'ஐயரம்மா'. மெட்ராஸிலிருந்து என் கல்யாணத்துக்கு வந்த சிநேகிதன் ஒருவன், "ஐயர் வீட்டுலயா மட்டன் குழம்பு?" என்று மயங்கி விழப் பார்த்தான்!

அந்தக் கோயிலில்தான் டிசம்பர் பிறந்தால் பஜனை.

விடிகாலை நாலு மணிக்குக் கோயில் குட்டியார் மணியடிப்பார். (குட்டியார் என்றதும் சின்னப் பையன் என்று நினைக்காதீர்கள். கோயிலைப் பெருக்கி, விளக்குப் போட்டு, மணியடிக்கிறவர். எங்கள் குட்டியாருக்கு வயசு அறுபத்தெட்டு!) தலையில் மப்ளர், கண்ணில் பாதித் தூக்கத்தோடு ஒவ்வொருவராக வந்து சேருவோம். ஆர்மோனியத்தைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்க விட்டுக்கொண்டு ஒருவர். டோலக்குக்கு ஒருவர். ஜால்ராவுக்கு மட்டும் ஏகப்பட்ட போட்டி. அதற்குத்தான் சங்கீத ஞானம் தேவையில்லையே! பெட்ரோமாக்ஸை ஒருத்தன் தூக்கிக்கொண்டு முன்னால் போவான். தெருத் தெருவாகப் பாட்டு. தெரு நாய்கள் முதல் நாள் எதிர்க் கச்சேரி வைக்கும். மூன்றாம் நாள் பழகிப்போய்க் கூடவே வரும். மார்கழி பிறந்துவிட்டால் பக்கத்து ஊர்ப் பெருமாள் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை. காற்று திரும்பும்போது இரண்டும் கலந்து கேட்கும். இதற்காக யாரும் யாரோடும் சண்டைக்குப் போனதில்லை.

கோயிலில் பாடுகிற பெண் யாராவது இருக்கிற வீடு வந்தால் மட்டும் டோலக்குக்குத் திடீரென்று வீரம் வந்துவிடும். பல்லவியை மூன்று தரம் கூடுதலாகப் பாடுவோம். உள்ளேயிருந்து அவள் அப்பா, "போதும்லே, அடுத்த வீட்டுக்குப் போங்க" என்று குரல் கொடுத்தால்தான் நகர்வோம்.

அந்த டோலக் வீரர்களின் கதி ஏப்ரலில் தெரியும். லெந்து நாற்பது நாளும் எங்கள் கோயில்களில் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் மடை திறந்த மாதிரி வரிசையாகக் கல்யாணம். அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் 'ஓலை வாசிக்க' வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் உண்டென்று தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையார் முன்னால் அறிவிப்பார்கள். டிசம்பர் பூராவும் எந்த வீட்டு வாசலில் தொண்டை கிழியப் பாடினோமோ, அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் மும்பை மாப்பிள்ளை ஒருவன் பெயரோடு சேர்ந்து ஒலிக்கும். தடை சொல்லலாம்தான். அவள் அண்ணன் நாலு பேரும் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். டோலக் வீரர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார்!

இந்தக் கோயில்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. டேவிட் சுந்தரானந்தம் என்பவரின் முயற்சியில் 1799ல் கிறிஸ்தவர்களுக்காக ஒரு ஊரை உண்டாக்கினார்கள். அது முதல் ஊர் என்பதால் பெயரே முதலூர். (இன்றைக்கு முதலூர் என்றால் ஜனங்களுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டுகிற மஸ்கோத் அல்வாதான் ஞாபகம் வரும். சரித்திரத்தைவிட அல்வாவுக்கு ஆயுசு கெட்டி!) மெஞ்ஞானபுரம் கோயிலின் கோபுரம் 192 அடி. கால்டுவெல் தமிழுக்கு ஒப்பிலக்கணம் எழுதியது போக, இடையன்குடியில் ஒரு கோயிலையும் கட்டி 1880ல் பிரதிஷ்டை செய்தார். அவையெல்லாம் பெரிய கோயில்கள். எங்களுடையது சேகரத்தில் இருக்கிற பல கோயில்களில் ஒன்று. ஐயர் முறை வைத்துத்தான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார். ஆராதனைக்கு முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி என்று மூன்று மணி. முதல் மணிக்குக் கிழவர்கள் வருவார்கள். மூன்றாம் மணிக்கு அப்புறம் வருகிறவர்கள் யாரென்று உங்களுக்கே தெரியும்.

பாட்டு விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. பாமாலை என்றால் வெள்ளைக்கார மெட்டு; இழுத்து இழுத்துப் பாட வேண்டும். கீர்த்தனை என்றால் நம்ம ராகம், நம்ம தாளம். திருநெல்வேலியில் 1774ல் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் எழுதியவை அதில் ஏராளம். பஜனைக்கு ஓடுவது கீர்த்தனைதான். பாமாலை பாடிக்கொண்டே தெருவில் நடந்தால் முதல் தெருவிலேயே விடிந்துவிடும்.

வருஷத்தில் இன்னும் நிறைய இருக்கிறது. குருத்தோலை ஞாயிறுக்குப் பனங்குருத்து வெட்டி வந்து சிறுசுகள் கையில் கொடுப்பது. பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பிரசங்கம். ஏழாவது ஆள் எழும்போது நம் வயிறு எட்டாவதாக ஒரு வார்த்தை சொல்லும். மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி. ஆனால் ஆம்பிளைகளைக் கேட்டால் இரண்டைத்தான் சொல்வார்கள். ஒன்று ஏலம், இன்னொன்று அசனம்.

ஏலம் என்பது ஸ்தோத்திரப் பண்டிகையில். முதலில் காய்த்தது, முதலில் ஈன்றது எல்லாம் கோயிலுக்கு வரும். வாழைக்குலை, கருப்பட்டி, முருங்கைக்காய், பொரித்த குஞ்சுகளோடு தாய்க்கோழி. அவற்றைக் கோயில் வாசலிலேயே ஏலம் விடுவார்கள். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." ஒரு தடவை மச்சினனும் மச்சானும் ஒரு சேவலுக்காக முட்டிக்கொண்டார்கள். ஐந்நூறில் ஆரம்பித்த சேவல் நாலாயிரத்தில் நின்றது. ஜெயித்த மச்சான் பணத்தைக் கட்டிவிட்டு, "சேவல் கோயிலுக்கே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஏலம்! இந்தத் தரம் மச்சினன் எடுத்தான். அவனும் திருப்பிக் கொடுத்தான். மூன்று ஏலம் பார்த்த அந்தச் சேவல் பணத்தில்தான் கோயிலின் மேற்குப் பக்கத்து ஓடு மாற்றினார்கள். சேவலைக் கடைசியில் யார் தின்றது என்று இன்று வரை சபையில் கேள்வி எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அசனம் என்றால் சாப்பாடு. பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊரே கூடிச் சமைக்கிறது. வேண்டுதல் ஆடுகள் வந்து சேரும். ராத்திரி முழுக்க ஆம்பிளைகள் வெங்காயம் உரிப்பார்கள் - வீட்டில் ஒரு பூண்டு உரித்துத் தராத ஆசாமிகள்! வடித்த சோற்றைப் புதுப் பனையோலைப் பாயில் மலையாகக் கொட்டுவார்கள். ஐயர் ஜெபம் பண்ணிய பிறகு பந்தி. எந்த ஊர், எந்த சாதி, எந்த மதம் என்று கேட்பது கிடையாது. இலை காலியாக இருந்தால் உட்காரலாம்.

அந்த அண்டாக்கள் 2023 டிசம்பரில் பண்டிகை இல்லாமலே வெளியே வந்தன. 17, 18 தேதிகளில் கொட்டிய மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த புதுக்குடி ஜனங்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்து அவர்களுக்குப் போட்டார்கள். எங்கள் ஊரில் கரண்ட் இல்லை, போன் இல்லை. தாழ்ந்த தெருக்காரர்கள் குழந்தை குட்டிகளோடு கோயிலுக்குள் வந்து படுத்தார்கள். அசன அண்டாவில் கஞ்சி காய்ச்சி, குட்டியார் மூன்று வேளையும் மணியடித்தார். ஆராதனைக்கில்லை, சாப்பாட்டுக்கு. முதல் மணிக்கே எல்லோரும் வந்தது அந்த ஒரு வாரம்தான். அம்பத்தூரில் சித்தி மகன் மூன்று நாள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று திரும்பத் திரும்பச் சொன்ன அந்தப் பெண்மணியைக் கொலை செய்யலாம் போல இருந்ததாம்.

அப்போது அண்டாவைத் தூக்கியவர்கள் எல்லோருக்கும் ஐம்பதுக்கு மேல் வயசு.

விஷயம் அதுதான். பனையேறிய தலைமுறை போய், மெட்ராஸில் மளிகைக்கடை வைத்த தலைமுறை போய், இப்போது பெங்களூர், மஸ்கட் தலைமுறை. ஒரு மாதம் நடந்த பஜனை பத்து நாள் ஆயிற்று. அப்புறம் கடைசி நாலு நாள். முப்பது பேர் பாடியது போய் ஆறு பேர். ஆர்மோனியப் பெரியப்பாவுக்கு முட்டி வலி. போன நவம்பரில் கமிட்டி கூடியபோது ஒருவர் சுலபமாக வழி சொன்னார்.

"குட்டியானை வண்டியில ஸ்பீக்கரைக் கட்டுவோம். பென்டிரைவ்ல பாட்டைப் போட்டு நாலு தெருவும் சுத்தி வந்தாப் போச்சு. ஒரு மணி நேர வேலை."

பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். மூலையிலிருந்து பெரியப்பா கேட்டார்:

"வீட்டு வீட்டுக்குக் காப்பி போட்டு வச்சிருப்பாளுவளே... பென்டிரைவ் குடிக்குமால?"

அன்றைக்கு ராத்திரியே பெரியப்பா ஒவ்வொருவனுக்கும் போன் போட்டார். சித்தி மகனுக்கும் வந்தது. அதற்கு மறுநாள்தான் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். அரை மணி நேரம் கதை சொன்ன பிறகு இரண்டு நாள் கிடைத்தது. சனி, ஞாயிறைச் சேர்த்து ஒட்டிக்கொண்டான். நானும் போனேன். ஆறு பேர் ஒன்பது ஆனோம்.

சும்மா சொல்லக் கூடாது, படுமோசமாகப் பாடினோம். பாதிப் பேருக்கு சரணம் மறந்துபோய் செல்போன் வெளிச்சத்தில் புத்தகத்தைத் தடவினோம். பெரியப்பாவை ஒரு டி.வி.எஸ். வண்டியின் பின்னால் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே போனோம். மடியில் ஆர்மோனியம். நாய்கள் எங்களை அடையாளம் தெரியாமல் நாலு நாளும் குரைத்தன.

கடைசி நாள், கடைசித் தெரு, கடைசி வீடு. அங்கே ஒரு ஆச்சி தனியாக இருக்கிறாள். பிள்ளைகள் மூன்று பேரும் வெளியூர். நாங்கள் பாடி முடிக்கும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் திண்ணையைக் காட்டினாள். வரிசையாக முப்பது டம்ளர். எல்லாவற்றிலும் கருப்பட்டிக் காப்பி, ஆவி பறக்க.

"ஆச்சி, நாங்க ஒம்பது பேருதான்."

ஆச்சி எங்களை ஒரு தரம் எண்ணிப் பார்த்தாள். டம்ளர்களையும் பார்த்தாள்.

"அதுக்கென்னலே, ஆளுக்கு மூணா எடுங்க. மிச்சம் மூணு பெரியப்பாவுக்கு!"