மென்பொருட் சோதனையிற் பதிலிகள்

கணினிச் செய்நிரல் ஒன்று பல சிறு செயற்கூறுகளால் ஆவது. அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்து, தெரிந்த தரவைக் கொடுத்து, எதிர்பார்த்த விடை வருகின்றதா எனப் பார்ப்பது அலகுச் சோதனை எனப்படும். அங்ஙனம் பார்ப்பதும் மற்றொரு செய்நிரலே. ஆகலின் ஒரு வரி மாறினும் எல்லாச் சோதனைகளையும் சில வினாடிகளில் மீளச் செய்து முடிக்கலாம். எனினும் இச்சோதனைக்கு இலகுவில் அகப்படாத செயற்கூறுகளும் உள. அவற்றின் இயல்பை விளக்குதற்கு ஊவாவின் தேயிலைத் தோட்டச் சம்பளக் கணக்கு நல்லதோர் உதாரணமாகும்.

பதுளை, பசறை, ஹாலி-எல, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொழுந்து பறிப்போரின் நாட்சம்பளம் நிறுவையோடு பிணைந்தது. வகுத்த அளவு கொழுந்து வந்தால் முழுப்பேர்; குறைந்தால் பல இடங்களில் அரைப்பேர். முழுப்பேருக்குரிய தொகையோ காலந்தோறும் மாறிவந்துள்ளது. 2021 மார்ச் 5 ஆம் திகதி வர்த்தமானிப்படி அது அடிப்படை 900 ரூபாவும் கொடுப்பனவு 100 ரூபாவுமாக 1,000 ரூபாவாயிற்று. 2024 இலே 1,700 ரூபா என ஒரு வர்த்தமானி வெளிவந்தது. அதனை யூலை மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையால் நிறுத்தியது. செப்டெம்பரில் 1,350 ரூபா என வேறொரு வர்த்தமானி வந்தது. இதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும் உண்டு. 1,350 ரூபாவுக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம், அதாவது 108 ரூபா. தோட்டத்தின் பங்கு 12 வீதம், அதாவது 162 ரூபா. கணக்கப்பிள்ளை செக்றோலில் ஒரு பேரைப் பிழையாகப் பதிந்தால் அது ஒருவரை வருத்தும். செய்நிரலின் பிழையோ தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் வருத்தும்.

இச்சம்பளத்தைக் கணிக்கும் செயற்கூறு ஒன்றைக் கருதுக. அது இலத்திரனியல் தராசிடம் நிறையைக் கேட்கின்றது. கணினியின் கடிகாரத்திடம் திகதியைக் கேட்கின்றது. பின்னரே பெருக்கிக் கழிக்கின்றது. இதனைச் சோதிக்கத் தராசும் கொழுந்தும் வேண்டும். 2021 மார்ச் 4 ஆம் நாளின் விடையை அறியவேண்டுமெனின் காலமே பின்னோக்கிச் செல்லவேண்டும்! கணக்கு எளிது, கணக்கைச் சூழ்ந்துள்ளவையே அரியவை.

இவ்விடத்திலேதான் பதிலி பயன்படுகின்றது. திரைப்படத்திலே நடிகருக்குப் பதிலாக மலையிலிருந்து பாய்பவரின் பெயரைத் தழுவி, சோதனைப் பதிலி என்னும் சொல்லை 2007 இல் வெளிவந்த தமது நூலில் நிலைநிறுத்தினார் ஜெராட் மெசாரோஸ். பதிலிகளுள்ளும் வேற்றுமை உண்டு. கேட்டபோதெல்லாம் 18 கிலோ என்று மட்டும் கூறும் பொய்த்தராசு 'ஸ்டப்' எனப்படும். 'மொக்' எனப்படுவதோ தன்னை எவர், எத்தனை முறை, என்ன கூறி அழைத்தனர் என்பதையும் கணக்கெடுக்கும். இக்கருத்தை மெக்கின்னன், ஃப்ரீமன், கிரெய்க் என்னும் மூவர் 2000 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையால் வெளிப்படுத்தினர். சேமலாப நிதிப் பதிவேட்டுக்கு 108 ரூபா ஒருமுறைதான் அனுப்பப்பட்டதா, இருமுறையா என அறிய மொக் வேண்டும், ஸ்டப் போதாது.

பதிலியை அமர்த்த இடம் வேண்டும். செயற்கூறு கடிகாரத்தைத் தானே உள்ளே தேடிக்கொள்ளாமல் வெளியிலிருந்து பெறுமாயின், மெய்யான கடிகாரத்தையும் கொடுக்கலாம். ஒரு நாளிலே நிறுத்திவைத்த கடிகாரத்தையும் கொடுக்கலாம். யாவா மொழியின் 2014 இல் வந்த 8 ஆம் பதிப்பில் இவ்வாறு நிறுத்தத்தக்க கடிகாரம் மொழியோடே தரப்பட்டுள்ளது. இடம் விடாது எழுதிய செய்நிரலிலும் பதிலியை வலிந்து நுழைக்கும் கருவிகள் உள. தொடவியலாத பழைய செய்நிரலுக்கு அவை உதவும். புதிதாக எழுதுவோன் அவற்றை நாடுவது, வாசல் வையாது வீடு கட்டிவிட்டுச் சுவரை இடித்து உட்புகுவதை ஒக்கும்.

நிறுத்திவைத்த கடிகாரத்தால் பெறும் பயன் சிறிதன்று. மார்ச் 4 என அது கூறும்போது பழைய வீதமும், 5 என்னும்போது 1,000 ரூபாவும் வரவேண்டும். 2024 ஓகஸ்ட் மாதத்து நாளொன்றைக் கூறும்போது 1,700 ரூபா வருமாயின், எழுதியவர் வர்த்தமானியை நோக்கினாரன்றி நீதிமன்றத் தடையை நோக்கவில்லை என்பது அக்கணமே வெளியாகும்.

ஆயினும் எதற்குப் பதிலி இடுவது என்பதில் விழிப்பு வேண்டும். அரைப்பேரைக் கணிக்கும் கூற்றுக்கே பதிலி இட்டு, அது 675 எனச் சொல்லும்படி எழுதி, 675 வந்தது கண்டு மகிழ்வோரும் உளர். அங்கே சோதிக்கப்பட்டது பதிலியே. தராசு, கடிகாரம், பதிவேடு ஆகிய எல்லைப் பொருள்களுக்கே பதிலி தகும். கணக்கு மெய்யாகவே நடைபெறல் வேண்டும்.

மற்றொரு குறை, பதிலிகள் மெய்ப்பொருளினும் நல்லொழுக்கம் உடையனவாக இருத்தல். பொய்த்தராசு ஒருநாளும் பழுதுபடாது. ஆகவே வேண்டுமென்றே அதனை மௌனமாக இருக்கச் செய்தும் சோதித்தல் வேண்டும். தராசு விடை தராதபோது நிறை 0 என்று கொண்டு, நாள் முழுதும் மலைச்சரிவில் நின்று பறித்தவருக்கு அரைப்பேர் எழுதும் செய்நிரலும் உண்டாகலாம். அந்நாளின் பதிவைத் தீர்க்காது நிறுத்திவைத்து, நிறுவையைச் சரிபார்க்குமாறு அறிவிப்பதே முறை. இன்னும், மெய்த்தராசு கிலோவில் எண் தருகின்றதா கிராமிலா என்பதைப் பதிலி ஒருபோதும் சொல்லமாட்டாது. அதை எழுதியவர் நினைத்ததையே அது சொல்லும். அதனை அறிய மெய்த்தராசிலே கொழுந்தை ஏற்றி, வேறொரு சோதனை செய்தாகவேண்டும். அத்தகைய சோதனைகள் சிலவாயினும் போதும்.