கோவில்பட்டி டூ கழுகுமலை: ஒரு காலை, ஒரு சைக்கிள், 1,200 வருடத்துப் பாறை!

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு பஸ்ஸில் போனால், சீட்டு வாங்கி, போனை எடுத்து நாலு வீடியோ பார்ப்பதற்குள் ஊர் வந்துவிடும். சைக்கிளில் போனால் நிதானமாக ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால், கரிசல் காட்டைப் பார்க்க அந்த ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

தூரம் மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதளம்தான். கியர் சைக்கிள் தேவையில்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள், படிப்பு முடிந்ததும் பல வீடுகளில் திண்ணையோரம் தூசி படிந்து நிற்கும். காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் அதுவே போதும்.

எப்போது கிளம்பலாம்?

மார்கழி, தை மாதங்கள்தான் சரியான நேரம். இது மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், பருத்தி என்று சாலையின் இரண்டு பக்கமும் அப்போது பச்சை தெரியும். பங்குனி, சித்திரையில் அதே நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வழியில் நிழல் குறைவு என்பதால் கோடையில் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது.

ஆனி, ஆடியில் கிளம்பினால் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று அது. கயத்தாறு பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் அந்தக் காற்றுதான். போகும்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். திரும்பும்போது முதுகில் கை வைத்து வீடு வரை கொண்டுவந்து விடும்.

எந்த மாதமானாலும் விடிகிற நேரத்தில் கிளம்பிவிடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். இரண்டு பாட்டில் தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய் போதும். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயில் இருப்பது நிலக்கடலையும் வெல்லமும். மிதிக்கிற காலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டு எச்சரிக்கைகள். மழை பெய்த மறுநாள் தார்ச்சாலையை விட்டு வண்டிப்பாதையில் இறங்காதீர்கள். கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது, சைக்கிளைத் தோளில் தூக்கித்தான் வர வேண்டும். இன்னொன்று, கருவேல முள். பஞ்சர் ஒட்டும் சாமான் கையில் இருக்கட்டும்.

மலை ஏறினால்...

கழுகுமலை அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். பாறையைக் குடைந்த கருவறையில் முருகன் இருக்கிறார். காவடிச் சிந்து தந்த அண்ணாமலை ரெட்டியார் பாடியது இந்த முருகனைத்தான்.

சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டு நடந்து ஏறினால் வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். கல்லை அடுக்கிக் கட்டிய கோயில் இல்லை இது. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். விமானம் முடிந்திருக்கிறது. அடிப்பகுதி முடியவில்லை. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைத் தேடிப் பாருங்கள், மற்ற கோயில்களில் பார்ப்பது அரிது.

இன்னும் கொஞ்சம் நடந்தால் சமணர் சிற்பங்கள். பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை என்று பாறை முழுக்க வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்களும் யட்சிகளும். அவற்றின் கீழே சுமார் நூறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள். சிற்பத்தைச் செய்வித்தவர்களின் பெயர்கள் அவை. அரசர்கள் மட்டும் பெயர் பொறித்துக்கொண்ட இடம் இல்லை இது. குரத்தியர் எனப்பட்ட பெண் சமண ஆசிரியர்களின் பெயர்களும் இங்கே உண்டு. 1,200 வருடங்களுக்கு முன்பு ஒரு பெண் ஆசிரியராக இருந்தார் என்பதற்கு இந்தப் பாறையே சாட்சி.

அங்கே நின்று கீழே பார்த்தால் ஊரும், சுற்றிலும் கரிசல் நிலமும். வானம் தெளிவாக இருந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலக் கோடாகத் தெரியும்.

ஒரு சாவி போதும்

அப்பன் சமணர் சிற்பங்களைச் செதுக்க, மகன் வெட்டுவான் கோயிலைச் செதுக்கினான், போட்டியில் அப்பனே மகனைக் கொன்றான், அதனால்தான் கோயில் பாதியில் நிற்கிறது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை கதையாகவே இருக்கட்டும். ஒன்று மட்டும் நிச்சயம். ஒற்றைப் பாறையில் உளி தவறினால் வேறு கல் மாற்ற முடியாது.

தமிழ்நாட்டின் பல மலைகளில், பழைய கல்லின் மேல் சாவியால் கீறிய பெயர்களையும் இதயப் படங்களையும் பார்க்கலாம். கீறுவதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு வட்டெழுத்து வரி போய்விட்டால், அதில் இருந்த பெயரை இனி யாராலும் படிக்க முடியாது. பழைய சின்னத்தைச் சேதப்படுத்துவது சட்டப்படியும் குற்றம். பிள்ளைகளோடு போகிறவர்கள் மலை ஏறும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். சாவி பைக்குள் இருக்கட்டும், கையில் போன் இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும்.

20 கிலோமீட்டர் போக நேரமில்லாத நாளில், கோவில்பட்டி ஊருக்குள்ளேயே சொர்ணமலை கதிரேசன் கோயில் இருக்கிறது. அடிவாரம் வரை சைக்கிள், அப்புறம் நடை. ஒரு வாரம் அங்கே ஏறிப் பழகுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், திண்ணையோர சைக்கிள் தானாக மேற்கே திரும்பும்.