ஜன்னலுக்குள்ளே ஒரு சித்திரம்!

பெரிய நகரத்து மியூசியம் என்றாலே எனக்கு உதறல். முதல் ஹாலில் 'ஆஹா!', மூன்றாவது ஹாலில் 'ம்ம்...', ஐந்தாவது ஹாலில் 'கேன்டீன் எந்தப் பக்கம் சார்?' என்றாகிவிடும்.

ஜப்பானின் வெந்நீர் ஊற்று ஊர்களில் இந்தத் தொல்லை கிடையாது. பகலில் ஓவியம், சாயங்காலம் சுடச்சுடக் குளியல். கால்வலி வரவும் செலவும் அன்றன்றைக்கே நேர்!

நான் போனது ஷிமானே மாகாணத்து யசுகி. ஸ்டேஷன் வாசலிலேயே மியூசியத்தின் இலவச பஸ். இருபது நிமிஷம் வயல்களைப் பார்த்தபடி போனால் சகினோயு. 'சகி' என்றால் கொக்கு. காலில் காயம்பட்ட வெள்ளைக் கொக்கு ஒன்று இந்த ஊற்றில் நின்று குணமானதாகக் கதை. விடுதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை ஒட்டித்தான் அடாச்சி கலைக்கூடம்.

கட்டியவர் அடாச்சி ஸென்கோ. 1899-ல் இங்கே ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. பதினாலு வயசில் கரி வண்டி இழுக்கப் போனார். துறைமுகம் 15 கிலோமீட்டர். பையன் என்ன செய்தான் தெரியுமா? கொஞ்சம் கரியைத் தானே கூடுதலாக வாங்கிப் போட்டுக்கொண்டு, வழியில் வீடு வீடாக விற்றான். வண்டிக் கூலியைப் போல இரண்டு மடங்கு கையில்! பி.காம். எனக்கு மூணு வருஷத்தில் சொல்லிக் கொடுத்ததை ஒரே ஒரு ரோடு அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

பிற்பாடு ஒசாகாவில் ஜவுளி மொத்த வியாபாரம், மனை வியாபாரம் எனக் காசு பார்த்தார். 1970-ல், 71 வயசில், சொந்த ஊரில் இந்தக் கலைக்கூடத்தைத் திறந்தார். யோகோயாமா தைகான் என்ற ஓவியர் மேல் மனிதருக்குத் தீராத மோகம். தைகான் வரைந்தவை மட்டும் இங்கே சுமார் 120.

'காசு சேர்ந்தவன் சுவரில் மாட்டிப் பெருமை அடிச்சுக்கிறான், அவ்வளவுதானே?' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, தோட்டத்தைப் பார்க்கிற வரைக்கும்.

சுமார் நாற்பது ஏக்கர். உள்ளே கால் வைக்க அனுமதி இல்லை. கண்ணாடி வழியாகத்தான் பார்க்கணும். ஓரிடத்தில், ஓவியம் தொங்கவேண்டிய சுவரையே நீளவாக்கில் வெட்டியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் தொங்குசித்திரம். பார்த்துக்கொண்டே நிற்கிறேன்... சித்திரத்தில் ஒரு கிளை ஆடுகிறது!

பின்னால் தெரியும் மலைகளும் படத்தில் சேர்த்தி. 'இரவல் காட்சி' என்பது ஜப்பானியத் தோட்டக்கலையின் பழைய உத்தி. வட்டியில்லாக் கடன்! தூரத்தில் விழும் 15 மீட்டர் அருவி மட்டும் செயற்கை. தைகான் வரைந்த நாச்சி அருவியை மனசில் வைத்து 1978-ல் அமைத்தது.

ஆனால் மரம், வரைந்த கோட்டுக்குள் நிற்குமா? வளரும், படத்தின் அளவைக் கெடுக்கும், சில சமயம் பட்டும் போகும். அதனால் மாற்று ஆட்டக்காரர்கள் மாதிரி பைன் மரங்களைத் தனியே வளர்த்து வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில், கதவு திறக்கும் முன், தோட்டக்காரர்களோடு அலுவலக ஊழியர்களும் இறங்கிச் சுத்தம் செய்கிறார்கள். 'இது என் டிபார்ட்மென்ட் இல்லை' என்ற பேச்சே கிடையாது. நம் ஆபீஸில் கீழே கிடக்கும் ஒரு காகிதத்தை யார் எடுப்பது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!

அமெரிக்காவிலிருந்து வரும் ஜப்பானியத் தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்று 2003-ல் இதற்கு முதலிடம் கொடுத்தது. அடுத்து இருபது வருஷத்துக்கும் மேல் அந்த நாற்காலியை வேறு யாருக்கும் தரவில்லை. அடாச்சி 1990-லேயே காலமாகிவிட்டார். பாராட்டுப் பத்திரம் வந்தபோது வாங்கிக்கொள்ள ஆளில்லை.

பெருமைக்காகச் செய்கிறவன், தான் போன பிறகும் தினம் பெருக்கவேண்டிய ஒரு படத்தை விட்டுப்போக மாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாசலில் அவருக்கு வெண்கலச் சிலை உண்டு. அது நீட்டுகிற விரல், தோட்டத்தைக் காட்டுகிறது. 'என்னைப் பார்த்தது போதும், அதைப் பாருப்பா!'