மீற்றர் சொல்லாத வெப்பம்

ஜப்பானில் புதிதாக வாங்கிய கார் மூன்று வயதை எட்டியதும் 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனைக்குப் போகவேண்டும். அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. பரிசோதனைச் செலவு, எடைவரி, கட்டாயக் காப்புறுதி எல்லாம் அப்போது ஒன்றாக வந்து நிற்பதால், பழையதை ஏலத்துக்கு அனுப்பிவிட்டுப் புதியதை எடுப்பவர்கள் அங்கே நிறையப்பேர். அவர்களும் நம்மைப்போல வீதியின் இடப்பக்கம் ஓடுகிறவர்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். ஆகவே அந்த ஏலங்களில் எடுக்கப்படும் வண்டிகள் எந்த மாற்றமும் இல்லாமல் கப்பலேறி நம் வீதிகளில் இறங்கிவிடுகின்றன.

அப்படி வந்தவற்றில் ஹொண்டா வெசல் தனி இடம் பிடித்தது. 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த இந்தச் சிறிய குரொஸ்ஓவர், கார் போல ஓட்டவும் ஜீப் போல உயர்ந்து உட்காரவும் இடம்கொடுத்தது. இலங்கையில் அதன் ஹைபிரிட் வகைதான் பரவியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் நாட்டுக்குள் இருந்த வெசல்கள் ஏறிய விலைக்குக் கைமாறிக்கொண்டே இருந்தன. 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது. இன்று வாங்கப் போகிறவருக்கு முன்னால் பத்து வருடம் ஓடிய வெசலும் இருக்கிறது, நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய வெசலும் இருக்கிறது.

விலை பேசும்போது முதலில் வரும் கேள்வி, "எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கு?" மீற்றரைக் குறைத்து வைப்பார்கள் என்ற பயம் நியாயமானது. அதற்கு வழியும் உண்டு. ஜப்பானிய ஏலத்தாளில் வண்டியின் தரம் 4, 4.5 என்று எண்ணாக இருக்கும். விபத்தில் அடிபட்டுத் திருத்தியதற்கு 'ஆர்' என்ற எழுத்து. காரின் கோட்டுப்படத்தில் கீறலுக்கு 'ஏ', நெளிவுக்கு 'யூ', தட்டிப் பூசிய இடத்துக்கு 'டபிள்யூ' என்று குறித்திருப்பார்கள். ஓடிய தூரமும் அதிலேயே இருக்கும். ஷாக்கென் சான்றிதழிலும் பரிசோதனை நாளில் மீற்றர் காட்டிய எண் பதியப்படுகிறது. இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக்கூடாது.

ஆனால் மீற்றர் உண்மையே சொன்னாலும் ஹைபிரிட் வண்டியின் வயதை அது முழுதாகச் சொல்லிவிடாது. பிஸ்டனும் பெயரிங்கும் ஓடித் தேய்கின்றன. லித்தியம் பற்றரி நின்றபடியே முதுமையடைகிறது. அதற்கு முதுமையைக் கொண்டுவருவது வெப்பம். இந்த வண்டியை வாங்குகிறவரும் வைத்திருக்கிறவரும் கணக்கெடுக்கவேண்டியது எவ்வளவு தூரம் என்பதைவிட எவ்வளவு சூடு என்பதைத்தான் என்பது என் எண்ணம்.

முதல் தலைமுறை வெசலில் பின்பக்கச் சாமான் தட்டுக்குக் கீழே பற்றரி படுத்திருக்கிறது. 48 செல்கள், 172.8 வோல்ட், கொள்ளளவு சுமார் 0.86 கிலோவாட் மணி. நம் மின்சாரப் பட்டியல் கணக்கில் இது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டிக்கு ஒரு மணிநேரம் கொடுக்கக் காணாது. இவ்வளவு சின்னப் பற்றரி மின்சாரத்தைச் சேமித்து வைப்பதற்காக இல்லை. பிரேக் பிடிக்கும்போது கிடைப்பதை வாங்கி, அடுத்த நிமிடம் புறப்படும்போது திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய்ச்சேர்வதற்குள் அது எத்தனையோ தடவை நிறைந்து இறங்கிவிடும். மின்னோட்டம் உள்ளே வரும்போதும் சூடு, வெளியே போகும்போதும் சூடு.

செல்லுக்குள் நடப்பது இது. கிராஃபைட் மின்வாயின் மேல் மிக மெல்லிய படலம் ஒன்று படிகிறது. மின்பகுதிரவம் மேலும் சிதையாமல் காப்பதே அந்தப் படலம்தான். அது இல்லாவிட்டால் பற்றரியே இல்லை. ஆனால் காலம் போகப்போக அது தடிக்கிறது. தடிக்கும்போது வேலை செய்யவேண்டிய லித்தியத்தில் கொஞ்சத்தை விழுங்குகிறது, மின்னோட்டத்துக்குத் தடையையும் கூட்டுகிறது. இது வேதிவினை. வெப்பம் கூடினால் வேதிவினையின் வேகம் எப்படிக் கூடும் என்பதற்கு 1889-இல் சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ் சமன்பாடு தந்தார். அதன் கைக்கணக்கு: 10 பாகை செல்சியஸ் ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு.

டோக்கியோவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. ஜனவரியில் 5 பாகை அளவுக்கு இறங்கும். கொழும்பில் வருடம் முழுக்க 27, 28 பாகை. அங்கே பற்றரிக்கு ஒவ்வொரு வருடமும் குளிர்கால ஓய்வு கிடைக்கிறது, இங்கே அது கிடையாது. ஆகவே 2016-இல் செய்த இரண்டு வெசல்கள், இரண்டும் 60,000 கிலோமீற்றர் ஓடியவை என்றாலும், ஒன்று வந்த நாளிலிருந்து யாழ்ப்பாண வெயிலில் நின்றது, மற்றது வீட்டு நிழலில் நின்றது என்றால் அவை ஒரே வயது வண்டிகள் அல்ல. நிழலில் நின்றதற்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன்.

வெயிலில் நிறுத்துவது எவ்வளவு கொடியது என்பதை ஜப்பானின் வாகன ஓட்டிகள் சம்மேளனமான ஜாஃப் 2012 கோடையில் அளந்து பார்த்தது. வெளியே 35 பாகை. கண்ணாடி மூடிய கறுப்புக் காருக்குள் காற்று 57 பாகையைத் தொட்டது. வெள்ளைக் காரில் 52. கறுப்புக் காரின் டாஷ்போர்டு மேற்பரப்பு 79 பாகை. வெள்ளை நிறம் வாங்கினால் தப்பலாம் என்று நினைப்பவர்கள் அந்த ஐந்து பாகை வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும்.

இதில் பற்றரிக்கு என்ன? இந்த வகை ஹைபிரிட்களில் பற்றரியைக் குளிர்விப்பது பயணிகள் அறையின் காற்று. பின்பக்கம் உள்ள ஒரு காற்றுவாய் வழியாகச் சிறிய விசிறி அந்தக் காற்றை இழுத்துச் செல்களின் இடையே விடுகிறது. காருக்குள் 50 பாகை என்றால் பற்றரிக்குக் கிடைக்கும் 'குளிர்காற்று'ம் 50 பாகைதான். ஏறியதும் நான்கு கண்ணாடியையும் இறக்கி ஓரிரு நிமிடம் ஓடிவிட்டு ஏசி போடுவது நம் உடம்புக்கு மட்டுமல்ல, பின்னால் படுத்திருப்பதற்கும் நல்லது.

யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் பார்த்தேன். எச்சரிக்கை விளக்கு எரிந்த ஒரு ஹைபிரிட் வந்து நின்றது. உரிமையாளர் புதுப் பற்றரிக்குக் காசு தேடும் யோசனையில் இருந்தார். மெக்கானிக் பின்னிருக்கைப் பக்கத்து மூடியைக் கழற்றி, விசிறியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இதழ்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் நூல், தூசு, தலைமயிர், சிவப்பு மண் எல்லாம் சேர்ந்து தக்கைபோல் இறுகியிருந்தது. "அண்ணை, பற்றரியில பிழை இல்லை. காத்துப் போக வழி இல்லை" என்றார். பெயின்ற் பிரஷால் தட்டி, காற்றடித்துத் துடைத்துப் பூட்டினார். ஸ்கேன் போட்டபோது செல்களின் வெப்பநிலை இறங்கிக்கொண்டு வந்தது. அந்தக் காற்றுவாயின் மேல் பையையோ துணியையோ வைத்து மூடுகிறவர்கள் ஏராளம். அது எங்கே இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். வாங்கிய அன்றே தேடிப்பிடித்துவிடவேண்டும்.

பற்றரி தளர்ந்தால் அது தன்னோடு நிற்பதில்லை. கியர்பொக்ஸையும் இழுத்துப்போகும். முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் இருப்பது ஏழு கியர், இரண்டு கிளச். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளச், இரட்டைப்படைக்கு மற்றது. மின்மோட்டர் ஒற்றைப்படைத் தண்டோடு இணைந்திருக்கிறது. மோட்டருக்கு ஒரு வசதி: நின்ற நிலையிலிருந்தே அது முழு முறுக்குவிசையைக் கொடுக்கும். பற்றரியில் சக்தி இருந்தால் கார் மோட்டரில் நழுவிப் புறப்படும். கிளச்சுக்கு வேலையே இல்லை. பெற்றோல் எஞ்சின் அப்படியல்ல. குறிப்பிட்ட சுற்றுக்குக் கீழே அது நின்றுவிடும். சில்லு மெல்ல உருளவேண்டும், எஞ்சினோ வேகமாகச் சுற்றவேண்டும். அந்த வித்தியாசத்தைக் கிளச் உரசித்தான் ஈடுகட்டுகிறது. உரசல் அத்தனையும் சூடாகிறது. இது உலர் கிளச். சூட்டைக் கொண்டுபோக எண்ணெய் இல்லை.

கடுகண்ணாவ ஏற்றத்தில் வாகன வரிசை ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு பகல்பொழுதை நினைத்துப் பாருங்கள். ஏசி ஓடுகிறது, அதன் கம்பிரசரும் இதே பற்றரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. பற்றரி இறங்குகிறது. பாரம் எஞ்சினிடம் போகிறது. ஒவ்வொரு அடியாக நகரும்போதும் கிளச் உரசுகிறது. கடைசியில் கியர்பொக்ஸ் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் வரும். செய்யவேண்டியது எளிது: முன்வண்டியோடு ஒட்டி அங்குலம் அங்குலமாக நகராமல், இரண்டு கார் இடைவெளி விழும்வரை பிரேக்கை அழுத்திப் பிடித்து நின்று, பிறகு ஒரேயடியாக நகரவேண்டும். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

இந்தக் கியர்பொக்ஸின் பிறப்பிலேயே சிக்கல் இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. 2014 பெப்ரவரியில் கியர்பொக்ஸைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் கோளாறுக்காக ஹொண்டா 80,000-க்கும் அதிகமான ஃபிட், வெசல் ஹைபிரிட்களைத் திருப்பி அழைத்தது. அடுத்தடுத்து அழைப்புகள் வந்ததில், அந்த ஒக்டோபரில் நிறுவனத் தலைவர் தகனோபு இத்தோ உட்பட மேலதிகாரிகள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். தொடக்க காலத்து வண்டியென்றால் அந்த மென்பொருள் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்டே ஆகவேண்டும். 2021-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் ஹொண்டா அந்த ஏழு கியரையே எடுத்துவிட்டது. நகரத்தில் மோட்டர் சில்லைச் சுழற்றுகிறது, எஞ்சின் பெரும்பாலும் மின்சாரம் உண்டாக்குகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் ஒரு கிளச் எஞ்சினை நேரடியாகப் பூட்டுகிறது. நெரிசலில் உரசுவதற்கு ஒன்றும் இல்லை. நம் நாட்டு ஓட்டத்துக்கு இதுவே பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எரிபொருள் கணக்கிலும் வெப்பம்தான் குறுக்கே நிற்கிறது. பழைய வெசல் ஹைபிரிட்டுக்கு விளம்பரத்தில் லீற்றருக்கு 27 கிலோமீற்றர் என்றிருக்கும். அது 'ஜேசி08' என்ற ஜப்பானியச் சோதனையில் வந்த எண். ஆய்வுகூடத்து உருளைகளின் மேல் 8 கிலோமீற்றர் சொச்சம், சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர் அளவு, ஏசி நிறுத்தப்பட்டிருக்கும். ஏசி இல்லாமல் ஓகஸ்ட் மாதத்தில் கொழும்பில் யார் ஓடுகிறார்கள்? பாதிதான் கிடைக்கிறது என்று குறைப்படுகிறவரின் காரில் பெரும்பாலும் பழுது இல்லை.

ஒக்ரேன் 95 போட்டால் ஓட்டம் கூடும் என்ற நம்பிக்கையும் இங்கே வலுவாக இருக்கிறது. ஒக்ரேன் என்பது பெற்றோலின் சக்தியைக் குறிப்பதல்ல. நேரத்துக்கு முந்தித் தானாகப் பற்றாமல் அழுத்தத்தைத் தாங்கும் திறன். வெசல் எஞ்சின் ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்காகச் செய்தது, அங்கே அதற்கு வேண்டிய குறைந்த அளவே 89. நம் 92 தாராளம்.

சின்னச் சின்ன இடைஞ்சல்களும் கூடவே வரும். ஜப்பானிய வானொலி 76 மெகாஹேர்ட்ஸிலிருந்து 90, புதியதில் 95 வரைதான் பிடிக்கும். நம் நிலையங்கள் பல அதற்கு மேலே இருப்பதால் அலைவரிசை மாற்றி ஒன்று பூட்டவேண்டும். ரயர் பக்கத்தில் 'ஸ்டட்லெஸ்' என்றிருந்தால் அது பனிக்கால ரயர். உறைகுளிரிலும் மிருதுவாக இருக்கும்படி செய்த ரப்பர் நம் சூட்டுத் தாரில் சீக்கிரம் கரைந்துவிடும், பிரேக் தூரமும் நீளும். அதோடு அந்த வண்டி பனிப்பிரதேசத்தில் ஓடியிருக்கலாம் என்பதற்கும் அது அடையாளம். அங்கே வீதிக்கு உப்புத் தூவுவார்கள். போன் வெளிச்சத்தோடு குனிந்து சைலன்சர் இணைப்பையும் சில்லுகளைத் தாங்கும் கைகளின் போல்ட்களையும் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே பளபளப்பு, கீழே செதில் செதிலாகத் துருவென்றால் அந்த வண்டியைக் கரையோர ஊருக்குக் கொண்டுபோகவேண்டாம்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது எயார்பேக். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் எயார்பேக்கை ஊதவைக்கும் கருவியில் அமோனியம் நைட்ரேற் பயன்படுத்தியது. ஈரப்பதமும் சூடும் மாறிமாறி வருடக்கணக்கில் தாக்கும்போது அந்த வில்லைகள் நுண்துளை விழுந்து உதிர்கின்றன. விபத்து நேரத்தில் எரியவேண்டிய வேகத்தைவிட வேகமாக எரிந்து, உலோக உறையையே சிதறடித்து, ஓட்டுனரின் கழுத்திலும் முகத்திலும் துண்டுகளைப் பாய்ச்சுகின்றன. அமெரிக்காவில் புளோரிடா போன்ற சூடும் ஈரமும் மிகுந்த மாநிலங்களுக்கே திருத்தத்தில் முதலிடம் கொடுத்தார்கள். மலேசியாவிலும் உயிர்கள் போயின. 2017 ஜூனில் டகாட்டா வங்குரோத்து ஆனது. வெசலுக்கு முந்திய சிஆர்-வி, எக்ஸ்-ட்ரெயில், ரவ்4 ஆகியவற்றின் சில வருட வண்டிகள் இந்தக் கோளாறுக்கான திருப்பியழைப்புகளில் இருந்தன. அவை இன்னும் நம் வீதிகளில் ஓடுகின்றன. நம் காலநிலையோ புளோரிடாவுக்குக் குறைந்ததல்ல.

ஒவ்வொரு ஜப்பானிய வண்டிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சேசிஸ் எண் உண்டு. பழைய வெசல் ஹைபிரிட் என்றால் 'ஆர்யூ3' என்றோ 'ஆர்யூ4' என்றோ தொடங்கும். தயாரிப்பு நிறுவனத்தின் ஜப்பானிய இணையதளத்தில் அதை இட்டால், அந்த வண்டிக்குத் திருப்பியழைப்பு நிலுவையில் உண்டா என்பது உடனே தெரியும். பதிவுச் சான்றிதழில் அந்த எண் இருக்கிறது. சுங்கத்தில் கொடுக்கும் ஆவணங்களிலும் இருக்கிறது. முதல் பதிவின்போதும் உரிமை மாற்றும்போதும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அதைச் சரிபார்த்து, நிலுவைத் திருத்தம் முடிந்தபின்தான் பத்திரம் தரவேண்டும். கோடிக்கணக்கில் வரி வாங்கிக்கொண்டு வண்டியை உள்ளே விடுகிற நாடு, அதை ஓட்டுகிறவருக்கு இந்தச் சோதனையையாவது செய்து கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.