நான் புகார் கொடுத்த அதிகாரி: ஆங்கிலத்தில் விட்டுப்போகும் ஒரு குட்டிச் சொல்

போன மாதம் சித்தப்பா ஒரு கடிதத்தோடு வந்தார். அவர் கணக்கிலிருந்து ஏதோ ஒரு கட்டணத்தைத் தவறாகப் பிடித்துவிட்டார்கள். கிளையில் அலைந்து பார்த்து ஓய்ந்துபோய், மும்பையில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கே எழுதிவிட்டார். எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். "இங்கிலீஷ் சரியா இருக்கான்னு மட்டும் பாருடா" என்றார்.

கடிதம் நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு வாக்கியத்தில்தான் நின்றுவிட்டேன்: "தி ஆஃபிசர் ஹூம் ஐ கம்ப்ளெய்ன்டு இஸ் ஸ்டில் இன் தி சேம் பிராஞ்ச்." நான் புகார் கொடுத்த அதிகாரி இன்னும் அதே கிளையில்தான் இருக்கிறார் என்று சொல்ல வருகிறார்.

"சித்தப்பா, இவர்கிட்ட புகார் கொடுத்தீங்களா, இவர் மேல கொடுத்தீங்களா?"

"இவர்கிட்டதான். தங்கமான மனுஷன். வேணும்னா அவரையே கேட்டுக்கட்டும்னு எழுதினேன்."

மும்பையில் படிப்பவர் அப்படியா எடுத்துக்கொள்வார்? புகாருக்கு ஆளானவரை இன்னும் மாற்றவில்லை என்று குறைசொல்வதாகத்தான் படிப்பார். உதவி செய்த மனுஷன் பெயர் குற்றவாளிக் கூண்டில் ஏறியிருக்கும். விட்டுப்போனது 'டு' என்ற ஒரு சின்னச் சொல், அவ்வளவுதான்.

இதை சித்தப்பாவின் ஆங்கில அறிவுக் குறை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். காரணம் நம் தாய்மொழியில் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தமிழ் எங்கே விழுங்குகிறது

"நான் புகார் கொடுத்த அதிகாரி" என்ற தமிழ்த் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரியிடம் கொடுத்தேன் என்றாலும் இதே தொடர்தான். அதிகாரி மீது கொடுத்தேன் என்றாலும் இதே தொடர்தான். பெயரெச்சமாக மாறும்போது 'இடம்', 'மீது', 'ஆல்', 'இல்' எல்லாம் காணாமல் போய்விடும்.

வெட்டிய ஆள், வெட்டிய கத்தி, வெட்டிய இடம், வெட்டிய நாள், வெட்டிய மரம், வெட்டிய வெட்டு. செய்பவன், கருவி, நிலம், காலம், செயப்படுபொருள், செயல் என்று நன்னூல் சொல்லும் ஆறும் இதில் வந்துவிட்டன. கத்தியால் வெட்டினோம், இடத்தில் வெட்டினோம், மரத்தை வெட்டினோம். ஆனால் 'வெட்டிய' என்பது மாறவே இல்லை. எந்த உறவு என்பதைக் கேட்பவர் உலக அறிவை வைத்து ஊகித்துக்கொள்கிறார். கத்தியை யாரும் வெட்ட மாட்டார்கள் என்பதால் குழப்பம் வருவதில்லை. அதிகாரி விஷயத்தில் வருகிறது, ஏனென்றால் இரண்டுமே நடக்கக்கூடியவை.

இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போனால் "தி ஹவுஸ் விச் ஐ லிவ்", "தி பென் விச் ஐ ரோட்" என்றுதான் கை எழுதும். வீட்டில் வசிக்கிறேன், பேனாவால் எழுதினேன் என்பதில் உள்ள 'இல்', 'ஆல்' இரண்டையும் தமிழ் விழுங்கிவிட்டதால், ஆங்கிலத்தில் 'இன்', 'வித்' வேண்டும் என்றே தோன்றாது.

ஆங்கிலம் விழுங்காது

ஆங்கிலத்தில் சில வினைச்சொற்கள் தனக்கென்று ஒரு ப்ரெபொசிஷனைக் கூடவே வைத்துக்கொண்டிருக்கும். தமிழில் முன்னிடைச்சொல் என்பார்கள். டிபெண்ட் ஆன், லிசன் டு, லுக் அட், பிலாங் டு, கம்ப்ளெய்ன் டு, கம்ப்ளெய்ன் அபவுட். வாக்கியத்தை எப்படித் திருப்பினாலும் அந்தக் குட்டிச் சொல் எங்காவது ஓரிடத்தில் இருந்தாக வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. ஒரு வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்: "தி ஆஃபிசர் இஸ் ஸ்டில் ஹியர்." "ஐ கம்ப்ளெய்ன்டு டு தி ஆஃபிசர்." இரண்டாவதில் 'டு' இருக்கிறது. ஒட்டிய பிறகும் அது இருக்க வேண்டும். ஒட்டுவதற்கு நான்கு வழிகள்:

1. தி ஆஃபிசர் டு ஹூம் ஐ கம்ப்ளெய்ன்டு
2. தி ஆஃபிசர் ஹூம் ஐ கம்ப்ளெய்ன்டு டு (பேச்சுவழக்கில் ஹூம் போய் ஹூ வந்துவிடும்)
3. தி ஆஃபிசர் தட் ஐ கம்ப்ளெய்ன்டு டு
4. தி ஆஃபிசர் ஐ கம்ப்ளெய்ன்டு டு

நான்கும் சரியான ஆங்கிலம். முதலாவதில் 'டு' இணைப்புச் சொல்லோடு சேர்ந்து முன்னால் போய்விட்டது. மற்ற மூன்றிலும் வினைச்சொல்லின் பக்கத்திலேயே தங்கிவிட்டது.

முன்னால் போவதற்கு மொழியியலில் 'பைட் பைப்பிங்' என்று பெயர். ஜான் ராபர்ட் ராஸ் 1967-இல் எம்.ஐ.டி.யில் சமர்ப்பித்த ஆய்வேட்டிலிருந்து பரவிய பெயர் இது. ஹாம்லின் நகரத்துக் கதையில் குழல் ஊதுபவன் பின்னால் எலிகள் போகும் இல்லையா, அதுபோல விச், ஹூம் போகும் இடத்துக்கு ப்ரெபொசிஷனும் இழுபட்டுப் போகிறது. தங்கிவிடுவதற்கு 'ஸ்ட்ராண்டிங்' என்று பெயர், தரைதட்டி நிற்கும் படகு மாதிரி.

செய்யக்கூடாதவை மூன்று. ஒன்று, ப்ரெபொசிஷனை அடியோடு விடுவது; சித்தப்பா செய்தது. இரண்டு, இரண்டு இடத்திலும் போடுவது: "தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்". விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் படித்தவர்களும் செய்வது இது. மூன்று, 'தட்' முன்னால் ப்ரெபொசிஷனை வைப்பது: "தி ஹவுஸ் இன் தட் ஐ லிவ்". இது எந்தக் காலத்திலும் ஓடாது. முன்னால் கொண்டுபோக வேண்டுமென்றால் விச் அல்லது ஹூம் மட்டும்தான்.

கடைசியில் வரக்கூடாதா?

"ப்ரெபொசிஷனில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. கவிஞர் ஜான் டிரைடன் 1672-இல், தனக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியரான பென் ஜான்சனின் எழுத்தில் ப்ரெபொசிஷன் கடைசியில் வருவதைக் குறையாகச் சுட்டிக்காட்டினார். தன் எழுத்திலும் அந்தக் குறை உண்டு என்று ஒப்புக்கொண்டார். சும்மா சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. நாடகக் கவிதை பற்றி 1668-இல் வெளியிட்ட தன் கட்டுரையை 1684-இல் மறுபதிப்பு செய்தபோது, கடைசியில் நின்றவற்றை முன்னால் நகர்த்தித் திருத்தினார். தன் ஆங்கிலம் சரியா என்று சந்தேகம் வந்தால் அதை லத்தீனில் பெயர்த்துப் பார்ப்பதுண்டு என்று எழுதிய மனிதர் அவர். லத்தீனில் ப்ரெபொசிஷன் இப்படிப் பின்தங்கி நிற்காது.

1762-இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லௌத் பாதிரியார் மேல் பழி போடுவது வழக்கம். உண்மையில் அவர் தடை போடவே இல்லை. பேச்சிலும் சாதாரண எழுத்திலும் கடைசியில் வருவது இயல்பு, உயர்ந்த நடைக்கு முன்னால் வைப்பது பொருத்தம், தெளிவும் கூட என்றுதான் சொன்னார். அதைச் சொல்லும் இடத்திலேயே ஒரு ப்ரெபொசிஷனைக் கடைசியில் விட்டும் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அந்த ஆலோசனையைச் சட்டமாக்கிவிட்டார்கள். 1926-இல் ஃபௌலர் தன் புகழ்பெற்ற வழக்குக் கையேட்டில் அது வெறும் மூடநம்பிக்கை என்று வாதிட்டார்.

இன்னும் பின்னால் போனால், டிரைடனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே இரண்டு முறையும் இருந்திருக்கின்றன. வேற்றுமைக்கேற்ப உருமாறும் இணைப்புச் சொல் வந்தால் ப்ரெபொசிஷன் அதோடு முன்னால் போகும். உருமாறாத இணைப்புச் சொல் வந்தால் பின்தங்கும். இன்றைய விச்சுக்கும் தட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடும் கிட்டத்தட்ட அதேதான்.

அப்படியானால் எழுதும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

அலுவலகக் கடிதம், ஆய்வுக் கட்டுரை, ஒப்பந்தம் என்றால் முன்னால் வைப்பது இன்றும் மரியாதையான தோற்றம் தரும். நமக்கு இன்னொரு லாபமும் உண்டு: முன்னாலேயே போட்டுவிட்டால் மறக்க வாய்ப்பு குறைவு. ஆனால் எல்லா இடத்திலும் இது செல்லாது.

'லுக் அப்' என்றால் அகராதியில் தேடுவது. "தி வேர்ட் அப் விச் ஐ லுக்டு" என்று எழுதினால் சிரிப்பார்கள். இங்கே 'அப்' ப்ரெபொசிஷனே அல்ல, வினையின் ஒரு துண்டு. சோதிப்பது சுலபம். அந்தத் துண்டு பெயருக்குப் பின்னால் தாவுமா என்று பாருங்கள். "லுக் தி வேர்ட் அப்" சரி. ஆக அது துண்டு, முன்னால் போகாது. "லிசன் தி சாங் டு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆக அது ப்ரெபொசிஷன், "தி சாங் டு விச் ஐ லிசன்டு" என்று முன்னால் போகும்.

சில வினைகளில் துண்டு தாவாது, ஆனாலும் முன்னால் போனால் உறுத்தும். 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரிப்பது. "தி சைல்ட் ஆஃப்டர் ஹூம் ஷி லுக்டு" என்று பிரித்தால், பராமரிப்பு போய், குழந்தை போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்ற மாதிரி ஆகிவிடுகிறது. வினையும் ப்ரெபொசிஷனும் சேர்ந்து புதிய அர்த்தம் தருமானால் பிரிக்காமல் கடைசியிலேயே விடுங்கள். சகித்துக்கொள்வது என்ற பொருளில் வரும் 'புட் அப் வித்' இன்னும் மோசம். அதன் இரண்டு வாலையும் முன்னால் இழுத்து எழுதிய ஒரு கேலி வாக்கியத்தை சர்ச்சில் தலையில் கட்டுவார்கள். அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'எக்ஸ்டென்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'டு விச்' என்று முன்னால்தான் வர வேண்டும். 'டு'வைக் கடைசிக்குத் தள்ளினால் வாக்கியம் நொண்டும். "மூன்று பேர், அவர்களில் இருவர்" என்பதற்கு வரும் 'டூ ஆஃப் ஹூம்' என்பதும் அப்படியே.

கடிதம் என்ன ஆயிற்று

"தி ஆஃபிசர் டு ஹூம் ஐ கம்ப்ளெய்ன்டு" என்று திருத்திக் கொடுத்தேன். சித்தப்பா இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். "தமிழ்லயும் இதே வில்லங்கம் இருக்கேடா, கிளைக்கு எழுதின கடுதாசிலயும் இப்படித்தான் எழுதினேன்" என்றார்.

அவர் சொன்னது சரி. ஆனால் தமிழிலும் ஒரு வழி இருக்கிறது. "யாரிடம் புகார் கொடுத்தேனோ அந்த அதிகாரி" என்று எழுதினால் 'இடம்' திரும்பி வந்துவிடும். கேள்விச் சொல் தன் உருபைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது, 'டு ஹூம்' செய்கிற அதே வேலை. கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஒருவரின் பேர் கெடாமல் இருக்க இரண்டு சொல் கூடுதலாக எழுதலாம். கிளைக்குப் போன கடிதத்தையும் அன்றைக்கே மாற்றி எழுதினோம்.