நத்தம் பக்கம் ஓர் இரவு சஃபாரி

ஆப்பிரிக்க சஃபாரி என்றால் சிங்கமும் வரிக்குதிரையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் க்ரூகர் போன்ற பூங்காக்களில் இருட்டிய பிறகும் வண்டிகள் கிளம்புகின்றன. மரக்கிளைகள் மேல் விளக்கை ஓட்டியபடியே போவார்கள். இலைகளுக்கு நடுவே இரண்டு கங்குகள் ஜொலித்தால், அது புஷ்பேபியாக இருக்கக்கூடும். பெரிய கண்ணும் நீண்ட வாலும் கொண்ட சின்னஞ்சிறு விலங்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த மரத்துக்குத் தாவிவிடும்.

அதன் சொந்தம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. வாடிப்பட்டியில் நின்றால் வடக்கே சிறுமலை தெரியும். அதைத் தாண்டி நத்தம், அய்யலூர், கடவூர் எனப் பரந்து கிடக்கும் முட்காடுகள்தான் தேவாங்கின் வீடு. எகிப்தின் ஃபாயூம் பகுதியில் கிடைத்த புதைபடிவங்களைப் பார்த்தால், சுமார் 3.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்த இரு குடும்பங்களும் பாகம் பிரிந்துவிட்டன. புஷ்பேபி தாவலில் தேர்ந்தது. தேவாங்கு தாவுவதே இல்லை.

அதன் நடையை நின்று பார்க்க வேண்டும். கால் கிலோ எடைதான் இருக்கும். குச்சி போன்ற கையை நீட்டி, கிளையைப் பற்றி, பிடி உறுதியான பிறகே பின்னங்காலை எடுக்கும். இலை அசையாது. பூச்சி எட்டும் தூரத்துக்கு வந்ததும் மட்டும் அந்த நிதானம் எங்கே போனதென்று தெரியாது; சட்டென்று கை பாய்ந்து பிடித்துவிடும். கை கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய் மெல்லிய இழைகளாகப் பிரிந்து ஓடுகிறது. மணிக்கணக்கில் ஒரே பிடியில் தொங்கினாலும் மரத்துப்போகாமலிருக்க இது உதவுகிறது என்று கருதுகிறார்கள்.

1990-களின் இறுதியில் அய்யலூர் காட்டில் இரவிரவாக இவற்றைப் பின்தொடர்ந்தவர் ஆன்னா நெகாரிஸ் என்ற ஆய்வாளர். இவற்றின் இரை ஏறக்குறைய முழுவதும் பூச்சிகள், அதிலும் எறும்பும் கறையானும் நிறைய என்று பதிவு செய்தார். தனிமை விரும்பி என்று பேரெடுத்த தேவாங்கு, பகலில் கூட்டாகச் சேர்ந்து உறங்குவதையும் கண்டார்.

தேவாங்கைத் தேட டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் பயனில்லை. நெற்றியில் கட்ட வேண்டும். அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. உள்ளே போன ஒளியை வந்த வழியே அது திருப்பி அனுப்புவதால், விளக்கு நம் கண்ணை ஒட்டி இருந்தால்தான் அந்தச் செம்மஞ்சள் மினுக்கம் நமக்குத் தெரியும். தரையில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி தெரிந்தால் பக்கிக் குருவியாக இருக்கலாம். புல்லில் பனித்துளிபோல் மின்னுபவை சிலந்திகள். கிளையில் நெருக்கமாக இரண்டு வட்டங்கள் நம்மையே நோக்கினால் தேவாங்கு. உடனே விளக்கில் சிவப்புத் தாளைப் போட்டுவிட வேண்டும். ஃபிளாஷ் அடித்துப் படமெடுக்கவே கூடாது. இருட்டுக்கென்று அமைந்த கண் அது. வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் காட்டுக்குள் நுழைவது குற்றம்.

மருந்தென்றும் மாந்திரீகமென்றும் இந்தச் சாதுவான பிராணியைப் பிடித்து வதைத்த கொடுமை நெஞ்சை அறுக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், இதை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்றே நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் இது. அடுத்த மாதமே உயிர்ப்பன்மைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியிலும் தேவாங்கு உண்டு.

ஆனால் இது காட்டோடு நின்றுவிடும் உயிரல்ல. தோட்டத்து வேலி வழியாகவும் இரை தேடி வரும். கிளுவையும் கள்ளியும் இலந்தையும் பின்னிக் கிடந்தால் தரையில் கால் வைக்காமல் போய்விடும். அதை அகற்றிக் கம்பி வேலி போட்டால் இறங்கித்தான் நடக்க வேண்டும். அந்த நடைக்கு நாயிடமிருந்தும் வண்டிச் சக்கரத்திடமிருந்தும் தப்ப முடியாது. வேலியைக் கழிக்க வேண்டிய தோட்டக்காரர்கள் இந்த ஆண்டு ஒரு பக்கம், அது துளிர்த்த பின் மறுபக்கம் என்று கழித்தால் தேவாங்கின் பாதை அறுபடாது.