குறைந்த புள்ளிக்குக் காரணம் சொல்ல வேண்டுமா?



எஸ்.பி.எம். சோதனை முடிவு வந்ததும் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. பிள்ளை ஏழு பாடங்களில் நன்றாகத் தேறியிருக்கிறது. ஒரு பாடத்தில் மட்டும் 'டி' அல்லது 'ஈ'. கல்லூரிக்கு மனுச் செய்ய வேண்டும். "நடந்ததையெல்லாம் எழுதிவிடு, படிக்கிறவர்கள் இரக்கப்படுவார்கள்" என்கிறார் ஒருவர். "நம் வீட்டுக் கதை ஊருக்கு எதற்கு? பேசாமல் இரு" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் இடம் பார்க்காமல் செய்தால் இரண்டுமே பிள்ளைக்கு நட்டம். எங்கே சொல்வது, எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், நம் மனுவைப் பார்ப்பது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. வழியாக மனுச் செய்கிறோம். அங்கே மாணவரின் தகுதிப் புள்ளி 100-க்குக் கணக்கிடப்படுகிறது. 90 புள்ளி சோதனை முடிவுக்கு. 10 புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு. இந்தக் கணக்கில் அப்பாவின் நோயையோ வெள்ளத்தையோ சேர்க்க இடமில்லை. எனவே அங்கே காரணம் எழுதுவதைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, கேட்ட விவரங்களைத் தவறின்றி நிரப்புவதே முக்கியம். சாரணர் இயக்கம், விளையாட்டு, தமிழ்மொழிக் கழகம் என்று பிள்ளை ஈடுபட்டவை சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று பள்ளியில் கேட்டுப் பார்க்க வேண்டும். குடும்ப வருமானம் கேட்கப்படும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளைத் தனியாகக் கவனிக்கும் ஏற்பாடுகள் உண்டு. அந்தக் கட்டத்தை வெட்கப்பட்டு வெறுமனே விடுவது, கிடைக்கக்கூடிய உதவியை நாமே தள்ளிவிடுவதாகும்.

உபகாரச் சம்பளம் கொடுக்கும் அறநிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், தனியார் கல்லூரிகள், நேர்முகத் தேர்வு நடத்தும் ஆசிரியர் பயிற்சிக் கழகம் போன்ற இடங்கள் வேறு மாதிரி. அங்கே ஒரு மனிதர் நம் பாரத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். நல்ல முடிவுகளுக்கு நடுவே நிற்கும் அந்த ஒரு 'ஈ' அவர் கண்ணில் படாமல் போகாது. நாம் காரணம் சொல்லாவிட்டால் அவராகவே ஒன்றை நினைத்துக்கொள்வார். 'சோம்பேறிப் பிள்ளை போலிருக்கிறது' என்றுகூட நினைக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில்தான் விளக்கம் பயன்படும்.

அதற்காக எல்லாக் காரணமும் காரணம் ஆகிவிடாது. எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். நடந்தது பிள்ளையின் கைமீறிய செயலா? அது நடந்த காலமும் புள்ளி குறைந்த காலமும் பொருந்துகின்றனவா? அதைக் காட்ட ஏதாவது தாள் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் எழுதலாம். வேலையிடத்தில் அப்பாவுக்கு ஏற்பட்ட விபத்து, பிள்ளையின் நீண்ட நாள் நோய், குடும்பத்தில் ஒரு மரணம், தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டி வந்து நடுவில் பள்ளி மாறியது ஆகியவை இத்தகையவை. 'ஆசிரியர் சரியாகப் போதிக்கவில்லை', 'கேள்வி கடினம்', 'எனக்குக் கணக்கே வராது' என்பவை வேறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகவே படிப்பவர் அவற்றை எடுத்துக்கொள்வார். 'ஏ' எதிர்பார்த்து 'பி' வந்ததற்கும் விளக்கம் வேண்டாம். அவர் கவனிக்காத குறையை நாமே விரல் நீட்டிக் காட்டுவானேன்?

எல்லாருக்கும் பொதுவான துன்பத்தைத் தனிக் காரணமாக எழுதினாலும் எடுபடாது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டின் எஸ்.பி.எம். சோதனை 2021 பிப்ரவரியில்தான் தொடங்கியது. நாடு முழுவதும் அந்தத் தொல்லையை அனுபவித்தது. ஆனால் 'ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்டோம். வீட்டில் இணையத் தொடர்பு கிடைக்காததால் சாலை வரை நடந்து போய்ப் பாடம் கேட்டேன்' என்று எழுதும்போதுதான் அது அந்தப் பிள்ளையின் காரணமாகிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. விளக்கம் தகுதியின் இடத்தை நிரப்பாது. ஒரு படிப்புக்குக் கணிதத்தில் 'கிரெடிட்', அதாவது 'சி' நிலையாவது வேண்டும் என்று விதி இருந்தால், 'டி'யை வைத்துக்கொண்டு எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் கதவு திறக்காது. மலாய்மொழியிலும், 2013-ஆம் ஆண்டு முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. அத்தகைய நிலையில் கடிதம் எழுதுவதில் காலத்தைக் கழிக்காமல் மறுசோதனைக்குப் பதிவு செய்ய வேண்டும். மலாய்மொழி, வரலாறு, கணிதம் ஆகிய பாடங்களை மீண்டும் எழுத வாய்ப்பு உண்டு. புள்ளி போட்டதில் தவறு இருக்குமோ என்ற ஐயம் வந்தால், குறித்த கெடுவுக்குள் கட்டணம் கட்டி மறுபரிசீலனை கேட்கலாம். பழைய 'ஈ'க்குப் பக்கத்தில் ஒரு புதிய 'சி' நிற்குமானால், அதைவிட நல்ல விளக்கம் வேறில்லை.

இனி, பெற்றோர்கள் மிகவும் தயங்கும் இடத்திற்கு வருவோம். அது குடும்ப மானம். அப்பா செம்பனைக் காட்டில் விழுந்து எழ முடியாமல் கிடந்தார். அம்மாவோடு சேர்ந்து மகளும் விடுமுறை நாளில் உதிரிப் பழம் பொறுக்கினாள். இதை வெளியே சொல்வதில் வெட்கம் எதற்கு? குடும்பத்தைத் தாங்கிய பிள்ளை என்று படிப்பவர் மதிப்பார். ஆகவே பிள்ளை அதை எழுத விரும்பினால் பெற்றோர் தடுக்க வேண்டாம்.

குடிப்பழக்கம், அடிதடி, பிரிவு, மனநோய் போன்றவை வேறு. இவை உண்மையாகவே இருந்தாலும், முன்பின் அறியாதவர்முன் பிள்ளை எல்லாவற்றையும் அவிழ்த்து வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'அவ்வாண்டு குடும்பத்தில் கடுமையான சிக்கல் இருந்தது. என் பள்ளி ஆலோசக ஆசிரியர் அறிவார்' என்ற அளவே போதும். ஆலோசக ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லி, அவரிடமிருந்து ஒரு கடிதம் பெற்று இணைக்கலாம். மூன்றாமவர் சொல்லும்போது அதற்கு எடை கூடுகிறது. பிள்ளைக்கும் பாரம் குறைகிறது. அதே போல், பிள்ளை விரும்பாத ஒன்றை 'எழுது, இரக்கம் வரும்' என்று பெற்றோர் வற்புறுத்துவதும் சரியல்ல. கல்லூரியில் மூன்றாண்டு தலைநிமிர்ந்து நடக்க வேண்டியது அந்தப் பிள்ளைதான்.

சரி, எழுதுவது என்று முடிவாகிவிட்டது. எப்படி எழுதுவது? நான்கு வாக்கியம் போதும். நடந்தது என்ன, எப்போது, அதனால் படிப்புக்கு என்ன ஆயிற்று, பிறகு என்ன செய்தேன். மலாயில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் முறை ஒன்றே. எடுத்துக்காட்டாக ஒரு மாணவி இப்படி எழுதலாம்:

"நான் படிவம் ஐந்தில் படித்தபோது ஜூன் மாதம் என் தந்தைக்கு வேலையிடத்தில் கால் முறிந்தது. தாயார் வேலைக்கும் மருத்துவமனைக்கும் போய்வந்ததால், மூன்று மாதம் வீட்டையும் இரண்டு தம்பிகளையும் நான் கவனித்தேன். பல நாள் பள்ளிக்குச் செல்ல முடியாமல் கணிதத்தில் பின்தங்கி 'டி' பெற்றேன். தந்தை குணமடைந்தபின் மறுசோதனை எழுதி 'சி' பெற்றேன். மருத்துவமனைக் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன்."

இதில் அழுகையும் இல்லை, பழி சொல்லும் இல்லை. கடைசியில் பிள்ளை எழுந்து நிற்பதுதான் படிப்பவர் மனத்தில் தங்குகிறது. நேர்முகத் தேர்வில் கேட்டாலும் இதே அளவில் சொல்லிவிட்டு, படிக்கப்போகும் துறையைப் பற்றிப் பேச்சைக் கொண்டுபோக வேண்டும். ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டிச் சொல்லவே கூடாது. ஒரு பொய் பிடிபட்டால் ஏழு நல்ல முடிவுகளின்மீதும் ஐயம் விழும்.

பெற்றோர்களுக்கு இறுதியாக ஒரு வார்த்தை. மருத்துவமனைச் சீட்டு, வேலை விபத்துத் தாள், பள்ளி மாற்றுக் கடிதம், மரணச் சான்றிதழ் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது. சோதனைக் காலத்தில் துன்பம் வந்தால் அன்றைக்கே பள்ளிக்குத் தெரிவியுங்கள். மருத்துவமனையில் படுத்திருக்கும் மாணவர் அங்கேயே சோதனை எழுத ஏற்பாடு செய்து தருகிறார்கள். முடிவு வந்தபின் எழுதும் விளக்கத்தைவிட, உரிய நேரத்தில் சொன்ன ஒரு சொல் பிள்ளையின் ஓராண்டைக் காப்பாற்றும்.

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய இடத்தை மறைக்கவும் வேண்டாம், அங்கேயே உட்கார்ந்து புலம்பவும் வேண்டாம். கேட்கும் காது இருக்கும் இடத்தில், சுருக்கமாக, உண்மையாகச் சொல்லிவிட்டு மேலே நடப்போம்.